கண்ணாடிக் கூட்டில் ஈரமும் காற்றும்

சிலந்தி என்றதும் விளக்குமாற்றைத் தேடுவோரே நம்மவருள் அதிகம். அத்தகையோருக்கு, சிலந்தியைக் கண்ணாடிக் கூட்டிலே குடியிருத்தி, வாரந்தவறாது இரையூட்டி, அதற்கொரு வாட்டம் கண்டால் உறக்கமிழந்து கவலையுறுவோரும் உலகில் உளர் என்று கேட்பது வியப்பாயிருக்கும். இங்கிலாந்து, ஜேர்மனி, ஐக்கிய அமெரிக்கா முதலிய நாடுகளிலே இவ்வழக்கம் பல பத்தாண்டுகளாக வேரூன்றியுள்ளது.

அவர்கள் பேணுவது கூரை மூலையில் ஒட்டடை கட்டும் சிறு சிலந்தியையன்று. விரித்த கையளவும் அதற்கு மேலும் வளர்வதும் உடலெல்லாம் மயிரடர்ந்ததுமான தரந்துலா என்னும் பெருஞ் சிலந்தியையே. பெயரின் வரலாறு சிறிது வேடிக்கையானது. தென்னித்தாலியில் தரந்தோ என்றொரு துறைமுக நகர் உண்டு. அதன் அயலில் வாழ்ந்த ஓநாய்ச் சிலந்தி ஒன்றுக்கே முதலில் இப்பெயர் வழங்கிற்று. பின்னர் அமெரிக்காவிற் குடியேறிய ஐரோப்பியர், அங்கு கண்ட மயிர்ச் சிலந்திகளையும் அப்பெயராலேயே அழைக்கலாயினர். இன்று பெயருக்கு உரிமைபூண்ட பழைய சிலந்தியை மறந்துவிட்டுப் புதியதையே தரந்துலா என்கின்றனர்.

இச்சிலந்திகளின் ஆயுள் குறுகியதன்று. மெக்சிக்கோ நாட்டுச் செம்முழந்தாட் சிலந்தியின் பெண்ணினம் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்லது. ஆணின் வாழ்நாள் அதனினும் மிகக் குறைவு. வீட்டிலே ஒரு குழந்தை பிறந்த நாளில் வாங்கிய பெண் சிலந்திக் குஞ்சு, அக்குழந்தை சர்வகலாசாலை புகும் நாளிலும் அதே கூட்டில் இருத்தல் கூடும். ஆதலின் பராமரிப்பில் நேரும் ஒரு பிழை இரண்டு பத்தாண்டு வாழ்வைப் பறித்துவிடக்கூடியது. அப்பிழைகளுள் முதன்மையானது கூட்டின் ஈரம் பற்றியது. அதுவும் அசட்டையால் நேர்வதன்று. மிகுந்த அக்கறையால் நேர்வது.

சிலந்தி வளர்க்கப் புகுவோர் கேட்கும் முதல் வினா, "ஈரப்பதன் எத்தனை வீதம் இருத்தல் வேண்டும்?" என்பதே. வளர்ப்பு முறை கூறும் கைந்நூல்கள் பலவும் இவ்வினத்துக்கு 60 வீதம், அவ்வினத்துக்கு 80 வீதம் என்று அட்டவணை வகுத்துவைத்தன. வாங்கியவர் கடையிலிருந்து ஈரமானி ஒன்றையும் கூடவே வாங்கிக் கண்ணாடிச் சுவரில் ஒட்டிவைக்கிறார். முள் சற்றே இறங்கியதும் நீர் தெளிக்கிறார். அப்பொழுதும் முள் நிலைகொள்ளாவிடின், ஈரம் வெளியே ஓடிவிடுகிறதென்று எண்ணிக் காற்றுத் துளைகளை அடைக்கிறார். இனி முள் 80இல் அசையாது நிற்கிறது. கண்ணாடியின் உட்புறத்தே நீர்த்துளிகள் வழிகின்றன. சில வாரங்களில் சிலந்தி இறந்து கிடக்கிறது. அப்பொழுதும் அவர் எண்ணுவது யாதெனில், ஈரம் போதவில்லை என்பதுதான்!

இத்தவறுக்கு மிகுதியும் இரையானது ஒரு புகழ்பெற்ற சிலந்தி. 1699ஆம் ஆண்டிலே மரியா சிபில்லா மேரியன் என்னும் ஓவியப் பெண்மணி கப்பலேறித் தென்னமெரிக்காவின் சூரினாமுக்குச் சென்றார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அங்கு தங்கிப் பூச்சிகளையும் அவை உண்ணும் செடிகளையும் வரைந்தார். 1705இல் வெளியான அவருடைய நூலிலே, கொய்யாக் கிளையொன்றில் மயிர்ச் சிலந்தி ஒரு சிறு பறவையைப் பற்றித் தின்னும் காட்சி இடம்பெற்றது. பறவையை உண்ணும் சிலந்தியும் உண்டோ என்று அதை நம்ப மறுத்தோர் பின்னாளில் பலர். ஆயினும் 1758இல் சுவீடன் நாட்டறிஞர் லின்னேயசு இச்சிலந்திக்குப் பெயரிட்டபோது, சிறு பறவை என்னும் இலத்தீன் சொல்லினின்றே அதனை ஆக்கினார். இன்று அவிக்குலேரியா எனப்படும் அவ்வினத்தின் கால் நுனிகள் இளஞ்சிவப்பாயிருக்கும். அவ்வழகே அதனை வளர்ப்போர் வீட்டுக்குக் கொண்டுவந்தது.

அது மழைக்காட்டுச் சிலந்தி. மழைக்காடு என்றால் ஈரம். ஆகவே அதன் கூடும் நனைந்தே இருத்தல் வேண்டுமென வளர்ப்போர் முடிவுகட்டினர். மூடிய சாடியிலிட்டு நாள்தோறும் நீர் தெளித்தனர். சிலந்திகள் ஒன்றன்பின் ஒன்றாய் மடிந்தன. அம்மரணங்கள் எத்துணை மலிந்தனவெனின், அவ்வினத்துக்கே உரிய திடீர்ச் சாவு என்றொரு பெயர் வளர்ப்போரிடையே வழக்கில் வந்தது. கூட்டின்மேற் குற்றங் காணாது சிலந்தியின்மேல் ஒரு நோயைக் கற்பித்தார்கள் என்றே சொல்லவேண்டும். அவர்கள் மறந்தது ஒன்று. அச்சிலந்தி வாழ்வது தரையிலன்று, மரத்தில். அங்கே மழை பெய்யும். பெய்தபின் காற்று வீசும். இலையும் கிளையும் உலரும். இலைகளை மடித்துப் பட்டிழையாற் கட்டிய குழாயினுள்ளே அது இருக்கும். அக்குழாயின் வாயிலைத் தடவிக்கொண்டு காற்று ஓடிய வண்ணமே இருக்கும். காட்டிலே ஈரம் உண்டு, ஆனால் புழுக்கம் இல்லை. சாடியிலோ காற்றுக்கு வழியில்லாமையால் எஞ்சியது புழுக்கமே. பெரிய காற்றுவழிகள் கொண்ட கூட்டிலே, நீர்க்கிண்ணம் ஒன்றுடன், அடிமண் மாத்திரம் சிறிது நனைந்திருக்க விட்டபோது, அதே சிலந்தி நன்றாய் வாழ்ந்ததை அனுபவமுடையோர் கண்டனர்.

இனி ஈரமானியின் முள் காட்டும் எண்தான் யாது? அது சாரீரப்பதன், அதாவது, அந்த வெப்பநிலையிற் காற்று தாங்கக்கூடிய முழு நீராவியுள் எத்தனை வீதம் உண்மையில் இருக்கிறது என்பது. வெப்பநிலை மாறினால், ஒரு துளி நீரும் கூடாமலும் குறையாமலும் இவ்வெண் மாறிவிடும். 20 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கனமீற்றர் காற்று 17 கிராம் அளவான நீராவியைத் தாங்கும். 30 பாகையில் 30 கிராம் அளவு தாங்கும். 20 பாகையில் 60 வீதம் காட்டிய அதே காற்றை விளக்கொன்றின் கீழ் 30 பாகைக்குச் சூடாக்கினால் முள் 34 வீதத்துக்கு இறங்கும். ஐரோப்பியக் குளிர்காலத்தில் இவ்வேடிக்கை இன்னும் பெரிது. வெளியே 0 பாகையில், ஈரம் நிறைந்து நிற்கும் பனிக்காற்றில்கூட ஒரு கனமீற்றருக்கு 5 கிராம் நீராவிதான் உண்டு. அக்காற்று வீட்டினுள் வந்து 20 பாகைக்குச் சூடேறியதும் அதன் ஈரப்பதன் 30 வீதத்துக்குக் கீழே விழுந்துவிடும். கொழும்பிலோ மட்டக்களப்பிலோ இருப்போர் இத்தகைய உலர்ச்சியை வீட்டினுள் ஒருபோதும் கண்டிரார். உதடு வெடிக்கும், தளவாடங்களின் மரப்பொருத்துகள் விலகும். அந்நாட்டுச் சிலந்தி வளர்ப்போர் நீர்தெளிப்பானும் கையுமாய்த் திரிவதற்குக் காரணம் இதுவே.

ஆனால் காற்றிலே தங்கும் நீர் எவ்வளவு சொற்பம் என்பதை ஒரு சிறு கணக்குக் காட்டும். 45 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் 30 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொள்வோம். மண் எதுவும் இடாது அதன் கொள்ளளவு 40 இலீற்றர். 25 பாகையிலே, அதன் காற்று முழுவதும் நீராவியால் நிறைந்திருந்தாலும், அதிலுள்ள நீர் ஒரு கிராமுக்குக் குறைவானதே. இருபது சொட்டு நீர்! மூடியைத் திறந்து மூடினால் அதிற் பெரும்பகுதி போய்விடும். அதே கூட்டின் அடியில் 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இட்ட மண்ணோ, ஓர் இலீற்றர் நீரை எளிதிலே தாங்கி, நாட்கணக்கிற் சிறிது சிறிதாய் வெளியிடும். சேமிப்பு நிலத்தில் இருக்கிறது. வளர்ப்பவர் காற்றிலே தேடுகிறார். கிணற்றை விட்டுவிட்டு மேகத்தை நோக்கி வாளி தாழ்த்துவது போன்றதே இது.

சிலந்தியின் உடலமைப்பும் இதற்கு இசைந்ததே. அதன் புறவன்கூட்டின் மேல் மெழுகு போன்ற ஒரு படை உண்டு. நீர் எளிதில் ஆவியாகாது அது தடுக்கும். வயிற்றின் அடிப்புறத்திலே இரண்டு சோடி ஏட்டுச் சுவாசப்பைகள் உள்ளன. ஏடுகளை அடுக்கியது போன்ற மெல்லிய தகடுகளின் இடையே காற்றுப் புகுந்து குருதிக்கு உயிர்வளி கொடுக்கும். அவற்றின் வாயில்கள் ஒடுங்கிய பிளவுகள். நீரின் இழப்பு இவ்வழிகளால் நிகழ்வதே. ஆயினும் அது மெதுவாகவே நிகழும். இழந்ததை ஈடுசெய்யச் சிலந்தி காற்றிலிருந்து நீரை உறிஞ்சுவதில்லை. அது குடிக்கிறது. கிண்ணத்தின் விளிம்பிலே கவிந்து, வாயை நீரிற் பதித்து, நெடுநேரம் அசையாது நின்று குடிக்கும் காட்சியை வளர்ப்போர் பலரும் கண்டுள்ளனர். இரையின் உடற்சாற்றாலும் அதற்கு நீர் கிடைக்கிறது. ஆகவே கூட்டிலே கட்டாயம் இருக்கவேண்டிய பொருள் ஒரு நீர்க்கிண்ணம். ஈரமானி இல்லாவிட்டாலும் குறையில்லை. சில கடைகளில் அக்கிண்ணத்துள் கடற்பஞ்சை இட்டு விற்பர். அது இரண்டொரு வாரத்தில் அழுகி நாறுவதன்றி வேறு பயன் தருவதில்லை.

நீர் வற்றிய சிலந்தியின் நிலை பரிதாபமானது. சிலந்தியின் காலிலே மூட்டை மடக்கத் தசையுண்டு. ஆனால் முக்கியமான இரண்டு மூட்டுகளை நீட்டத் தசையில்லை. உடற்குருதியை அழுத்தத்துடன் காலினுட் செலுத்தியே அது காலை நீட்டுகிறது. நீர் குறைந்தால் அழுத்தம் குறையும். கால்கள் தாமாகவே உடலின் கீழ் மடங்கிச் சுருளும். வயிறும் பழுத்து வாடிய கனிபோற் சுருங்கும். இவ்வாறு கண்டதும் பதறிப்போய்க் கூடெங்கும் நீர் தெளிப்பதாற் பயனில்லை. ஆழமற்ற தட்டில் நீரிட்டு, தலைப்பாகம் மாத்திரம் நீரிற் படும்படி சிலந்தியை வைத்தல் வேண்டும். வயிற்றை நீரில் அமிழ்த்தலாகாது. சுவாசப்பைகளின் வாயில்கள் அங்கேயே உள்ளன. முற்றிலும் சுருளாததாயின் சில மணி நேரத்தில் அது தேறுவதும் உண்டு.

அங்ஙனமாயின் ஈரத்தை எவ்வாறு அமைப்பது? அனுபவமுடையோர் கையாளும் வழி எளிது. மண்ணை ஆழமாக இட்டு, கூட்டின் ஒரு மூலையில் மாத்திரம் நீரை மெல்ல ஊற்றுவர். அது கீழிறங்கி அடிமண்ணை நனைக்கும்; மேற்பரப்பு விரைவில் உலர்ந்துவிடும். காற்றுத் துளைகளை ஒரே பக்கத்தில் வையாது எதிரெதிர்ப் பக்கங்களில், ஒன்று தாழவும் மற்றது உயரவும் அமைப்பர். இப்பொழுது கூட்டிலே ஈரமான மூலையும் உண்டு. உலர்ந்த மூலையும் உண்டு. எது வேண்டுமென்பதைச் சிலந்தியே தேர்ந்துகொள்ளும். நீர்க்கிண்ணத்தை விட்டகலாது அதன்மேலேயே நாட்கணக்காய்க் கிடந்தால் உலர்ச்சி மிகுதியென்றும், நிலத்திற் கால்வையாது கண்ணாடிச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் மண் மிக நனைந்துள்ளதென்றும் பெரும்பாலும் கொள்ளலாம். மண்ணில் வெண்பூஞ்சணம் படர்வதும், தூசிபோன்ற சிற்றுண்ணிகள் பெருகுவதும் இரண்டாவதன் அடையாளங்களே.

இனத்துக்கு இனம் வேறுபாடு இல்லையோ எனின், உண்டு. மெக்சிக்கோவின் பசிபிக் கரையோரத்தில் ஆண்டிற் பாதிக்கு மேல் மழையற்ற காலம். அங்குள்ள காடுகள் இலையுதிர்த்து நிற்கும். செம்முழந்தாட் சிலந்தி அவ்வறட்சியைத் தரையின்மேற் கழிப்பதில்லை. பாறையடியிலோ வேரடியிலோ வளையில் இருந்து கழிக்கிறது. வன்னியிலே கோடையில் நிலம் வெடித்துக் கிடக்கையில், ஆழக் கிணற்றின் உட்சுவர் குளிர்ந்து ஈரமாயிருப்பதைக் கண்டோருக்கு அவ்வளையின் உள்நிலை நன்கு விளங்கும். பாலைச் சிலந்தியென்று கருதி ஈரமே காட்டாது வளர்ப்பதும் தவறு; வளையின் ஈரத்தைக் கூடு முழுவதும் பரப்புவதும் தவறு. உலர்ந்த மேல்மண்ணும் நிறைந்த கிண்ணமும் அதற்குப் போதும். கயானா, சூரினாம் முதலிய நாடுகளின் ஈரக் காட்டுத் தரையில் வாழும் பேருருவச் சிலந்தி இதற்கு எதிர்மாறு. கால் விரிப்பு 28 சென்ரிமீற்றர்வரை செல்லும் அப்பெருஞ் சிலந்திக்கு மண் எப்பொழுதும் நனைந்தே இருத்தல் வேண்டும். உலர்ந்த கூட்டில் அது நெடுநாள் தாங்காது. ஆயினும் அதற்கும் காற்றோட்டம் தேவையே.

குஞ்சுகளின் நிலை தனியே கூறத்தக்கது. தாயின் நீளத்திற் பத்திலொரு பங்கான குஞ்சின் உடற்பரப்பு தாயினதில் நூறிலொன்று, உடற்கனவளவோ ஆயிரத்திலொன்று. கனவளவுக்கு ஒப்பிட்டால் குஞ்சின் பரப்பு தாயினதைப் போலப் பத்து மடங்கு. ஆகவே பெரிய சிலந்தி வாரக்கணக்கில் தாங்கும் வறட்சியைக் குஞ்சு சில நாட்களே தாங்கும். எவ்வினமாயினும் குஞ்சின் கூட்டிலே மண்ணின் ஒரு பகுதி என்றும் ஈரமாயிருத்தல் நன்று.

தோல் கழற்றும் காலத்தைப்பற்றியே அச்சம் அதிகம். வளர்ந்த பெண் சிலந்தி ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை பட்டுப்பாய் விரித்து, மல்லாந்து கிடந்து, பழைய கூட்டினின்றும் ஒவ்வொரு காலாக உருவி வெளிவரும். இதனை முதன்முறை காண்போர் சிலந்தி இறந்துவிட்டதென்றெண்ணி எடுத்து வீசியதும் உண்டு. கால் சிக்கி வெளிவர இயலாது மடிவதும் சிலவேளை நேரும். காற்றின் ஈரம் போதாமையே காரணமென்று கூறி, அவ்வேளையில் மல்லாந்து கிடக்கும் சிலந்தியின்மேல் நீரைத் தெளிப்பர். ஆனால் பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே ஊறி வழுக்கலைத் தருவது சிலந்தியின் உடலினின்றே சுரக்கும் திரவம். பழைய தோலைத் தலைப்புறத்தே பிளப்பதும் குருதியின் அழுத்தமே. இவ்விரண்டுக்கும் வேண்டிய நீரை அது முந்திய வாரங்களிற் குடித்திருத்தல் வேண்டும். கழற்றும் அன்று செய்யக்கூடியது, கூட்டைத் தொடாதிருப்பதொன்றே. புதிய உடல் வன்மையுறும்வரை உயிருள்ள வெட்டுக்கிளி முதலிய இரையையும் இடலாகாது. இரையே சிலந்தியைக் கடித்துவிடும்.

ஈரமானியை அடியோடு எறிந்துவிட வேண்டுமோ? வேண்டியதில்லை. ஆனால் மலிவான ஈரமானி 10 வீதம் பிழைபடுவது புதுமையன்று. சுவரின் உச்சியில் அது காட்டுவதும் மண்ணின் மட்டத்தில் உள்ளதும் ஒன்றல்ல. அதன் வாய்மையைச் சமையலறை உப்பைக்கொண்டே சோதிக்கலாம். ஒரு போத்தல் மூடியில் உப்பை நிரப்பி, களிபோலாகும் அளவுக்குச் சில சொட்டு நீர் விட்டு, ஈரமானியுடன் சேர்த்துக் காற்றுப் புகாத உறையில் ஓரிரவு மூடிவைத்தல் வேண்டும். உப்புக் களியின் மேலுள்ள காற்று சாதாரண அறை வெப்பநிலைகளில் 75 வீத ஈரப்பதனிலேயே நிற்கும். முள் 65 காட்டினால், அந்த ஈரமானி 10 குறைவாய்ச் சொல்கிறதென்பது தெளிவு.

அந்நாடுகளிலே இக்கூடுகளுக்கு இடும் மண் பலவேளை இலங்கையிலிருந்தே செல்கிறது என்பதை நேயர்கள் பலர் அறிந்திரார். தேங்காய் மட்டையிலிருந்து தும்பெடுத்தபின் எஞ்சும் தும்புச்சோறு, கட்டிகளாக அழுத்தப்பட்டுக் கப்பலேறுகிறது. நீரை மிகுதியாய் உறிஞ்சி மெல்ல விடுவதால் சிலந்தி வளர்ப்போர் அதனைப் பெரிதும் விரும்புகின்றனர்.

கப்பலேறியது தும்புச்சோறு மாத்திரமன்று. சிங்களத்தில் திவிமகுளுவா எனப்படும் பெரிய மரச்சிலந்திகள் இந்தியாவிலும் இலங்கையிலும் மாத்திரமே இயற்கையாய் வாழ்வன. அவற்றுள் ஒன்றை 1804ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் லத்ரேய் விவரித்தார். கால்களின் உட்புறத்து மஞ்சளும் கறுப்புமான பட்டைகளால் ஐரோப்பிய வளர்ப்போரிடையே அவற்றுக்குப் பெருமதிப்பு உண்டு. கடித்தால் நாட்கணக்கிலே தசைப்பிடிப்பு வருத்தும் என்பதும் அவர்களைத் தடுக்கவில்லை. காட்டிலிருந்து பிடித்துச் செல்லும் வணிகம் பெருகியமையால், அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் 2019ஆம் ஆண்டில் இவ்வினம் முழுவதும் சேர்க்கப்பட்டது.

இச்சிலந்தி தேடுவது முதிய மரத்தின் பொந்து. புறத்தே வெயில் காய்ந்தாலும் பொந்தின் அடியில் மக்கிய மரத்தூள் ஈரங்காக்கும். வாயிலில் காற்று ஓடும். கண்ணாடிக் கூட்டிலே துளையும் மண்ணும் கிண்ணமுமாகப் பலர் அரும்பாடுபட்டு அமைக்க முயல்வது இதனையே. 2012இல் அறிஞர் விவரித்த ஒரு புதிய மரச்சிலந்தி வடபகுதியில், மாங்குளத்தை அண்டிய காடுகளிற் காணப்பட்டது. அங்கே பொந்துள்ள முதுமரங்கள் வெட்டப்பட்டு அருகிவர, அச்சிலந்திகள் அயலிலுள்ள பழைய கட்டடங்களின் இருண்ட சுவரிடுக்குகளிற் புகுந்து வாழ்கின்றன.